தோற்பதற்கென்று ஒரு பிரிவு

அன்புள்ள புதிய சட்ட அலுவலர் அவர்களுக்கு,

சென்னைக்கு மேற்கே, அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் நடுவில் ஓர் அரசுத் துறையின் சட்டப் பிரிவுக்குத் தலைமையேற்க வந்திருக்கிறீர்கள். எந்தத் துறை என்று நான் சொல்லப் போவதில்லை. ஒன்றின் பெயரைச் சொன்னால் மற்றவை மனம் புண்படும். பட்டா கொடுக்கிற துறை, வீடு கட்டுகிற துறை, பஸ் ஓட்டுகிற துறை, ஏரியைக் காப்பாற்றுவதாகச் சொல்லிக்கொள்கிற துறை, எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

உங்கள் இருக்கையைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. மாடிப்படி திரும்பும் இடத்தில் இரும்பு பீரோக்கள் வரிசையாக நிற்கும். அவற்றுக்குப் பின்னால் பழுப்பு அட்டையில் நாடா கட்டிய கோப்புகள் இடுப்புயரத்துக்கு ஏறியிருக்கும். அதற்கும் பின்னால் ஒரு நாற்காலி. உங்களுக்குக் கீழே ஒரு கண்காணிப்பாளர், இரண்டு உதவியாளர்கள். அதில் ஒருவர் தேர்தல் பணிக்குப் போனவர், தேர்தல் முடிந்து ஆட்சி அமைந்த பிறகும் திரும்பவில்லை. ஒப்பந்த அடிப்படையில் ஒரு கணினி இயக்குபவர் இருக்கிறார். எந்த வழக்கு எந்தக் கோர்ட்டில் எந்த நிலையில் இருக்கிறது என்று அவர் ஒருவருக்குத்தான் தெரியும். அவருக்கு மூன்று மாதமாகச் சம்பளம் வரவில்லை. வழக்குப் போடலாம்தான், அதற்கான பதில் மனுவையும் அவரே டைப் அடிக்க வேண்டியிருக்கும் என்பதால் பொறுத்துக்கொண்டிருக்கிறார்.

வழக்கில் ஜெயிப்பது என் வேலை என்ற எண்ணத்தோடு வந்திருந்தால், அதை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு உள்ளே வாருங்கள். துறைக்குள் யாரும் எதையும் முடிவு செய்துவிடாமல் பார்த்துக்கொள்வதற்காக உங்கள் பிரிவு இருக்கிறது. ஒருவருக்குப் பணம் சேர வேண்டும், நிலம் திரும்ப வேண்டும், பட்டாவில் பெயர் திருத்த வேண்டும் என்பது கோப்பைப் புரட்டினால் பளிச்சென்று தெரிகிறது. 'கொடுத்துவிடலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் என்ன ஆகும்? சில வருஷம் கழித்துத் தணிக்கைக்காரர் வருவார். எந்த அதிகாரத்தின் பேரில் கொடுத்தீர் என்று கேட்பார். கோர்ட் சொல்லிக் கொடுத்தால் ஒருவரும் வாயைத் திறக்க மாட்டார்கள். ஆகவே கோர்ட் சொல்லும்வரை கொடுப்பதில்லை. கோர்ட் சொன்னால் மேல் கோர்ட் சொல்லும்வரை கொடுப்பதில்லை. மேல் கோர்ட்டும் சொல்லிவிட்டால் டெல்லி இருக்கிறது. வழக்கில் தோற்றதற்காக 17(பி) ஒழுங்கு நடவடிக்கை மெமோ வாங்கிய அதிகாரி ஒருவரையும் எனக்குத் தெரியாது. கொடுத்ததற்காக வாங்கியவர்களைக் கேளுங்கள், கதை கதையாகச் சொல்வார்கள்.

பயம் முழுக்கப் பொய்யில்லை. ஊழல் தடுப்புச் சட்டத்தில் 13(1)(டி) என்று ஒரு பிரிவு இருந்தது. பத்துப் பைசா கைநீட்டி வாங்காவிட்டாலும், பொதுநலன் இல்லாமல் ஒருவருக்கு ஆதாயம் கிடைக்கச் செய்தீர் என்று ஓய்வுபெற்ற பிறகும் கூண்டில் ஏற்ற முடிகிற பிரிவு. நேர்மையான அதிகாரிக்கும் பேனா நடுங்கியது. 2018ல் சட்டத்தைத் திருத்தி அதை எடுத்துவிட்டார்கள். நடுக்கத்தை மட்டும் யாரும் எடுக்கவில்லை. சும்மா இருப்பதற்கு அவ்வளவு வசதியான காரணம் வேறெங்கே கிடைக்கும்?

உச்ச நீதிமன்றம் இந்தத் தொழிலுக்குப் பெயரே வைத்துவிட்டது. 2020 அக்டோபரில் மத்தியப் பிரதேச அரசு 663 நாள் தாமதமாக ஒரு மேல்முறையீட்டைத் தூக்கிக்கொண்டு போனது. ஆவணம் கிடைக்கவில்லை, தேடி எடுத்து அடுக்கத் தாமதமாகிவிட்டது என்றார்கள். நீதிபதி சஞ்சய் கிஷன் கௌல் அமர்வு, இதெல்லாம் 'சான்றிதழ் வழக்கு' என்றது. தள்ளுபடியாகும் என்று தெரிந்தே வருகிறார்கள். உச்ச நீதிமன்றமே தள்ளிவிட்டது, இனி எங்கள் கையில் இல்லை என்று கோப்பை மூட ஒரு சான்றிதழ் வாங்கிப் போகிறார்கள் என்று சொல்லி, 25,000 ரூபாய் விதித்து, தாமதத்துக்குக் காரணமான அதிகாரிகளிடமே அதை வசூலிக்கச் சொன்னது. 663 நாளுக்கு 25,000 என்றால் நாளுக்கு 38 ரூபாய் கூட ஆகவில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் வண்டி நிறுத்தினாலும் அதற்குப் பக்கத்தில் வந்துவிடும்.

இனி வேலைக்கு வருவோம்.

முதலில் நோட்டீஸ் வரும். அரசு மேல் சிவில் வழக்குப் போடுகிறவர் 2 மாதம் முன்னதாக அறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்கிறது 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம், 80வது பிரிவு. அந்த 2 மாதத்தில் அரசு யோசிக்கட்டும், நியாயம் இருந்தால் கொடுத்துவிட்டு வழக்கே இல்லாமல் செய்துகொள்ளட்டும் என்ற நல்லெண்ணம். உங்கள் அலுவலகத்தில் அந்த 2 மாதமும் நோட்டீஸ் சுற்றுலா போகும். தபால் பிரிவில் முத்திரை விழ நாலு நாள். அங்கிருந்து உங்கள் பிரிவுக்கு ஒரு வாரம். நீங்கள் 'உரிய பிரிவின் குறிப்பு பெற்று அனுப்புக' என்று எழுத, உரிய பிரிவு 'சட்டக் கருத்து வேண்டி' என்று திருப்பி அனுப்ப, அதற்குள் பூந்தமல்லி கோர்ட்டில் வழக்கு எண் விழுந்துவிடும். 2005ல் சேலம் வழக்கறிஞர் சங்கம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைப் பற்றிக் கோபமாகவே பேசியது. பெரும்பாலான நோட்டீஸ்களுக்குப் பதிலே வருவதில்லை, வந்தாலும் மழுப்பல் என்று சொல்லி, பதில் சொல்வதற்கென்று ஓர் அதிகாரியை 3 மாதத்துக்குள் நியமிக்கும்படி எல்லா அரசுகளுக்கும் உத்தரவிட்டது. நியமித்தார்கள். இப்போது நோட்டீஸ் அந்த அதிகாரியின் மேசை வழியாகவும் சுற்றிவிட்டு வருகிறது.

அடுத்தது பத்திவாரிக் குறிப்பு. உங்கள் பிரிவின் இலக்கியம் என்றால் இதுதான். மனுதாரர் 14 பத்தியில் தன் முப்பது வருஷத்தை எழுதியிருப்பார். 1980களில் யு.டி.ஆர். நில உடைமைப் பதிவில் அப்பா பெயருக்குப் பதில் பக்கத்து நிலத்துக்காரர் பெயர் ஏறியது, அலுவலகத்துக்கு எத்தனை முறை நடந்தார், யார் யார் என்னென்ன சொன்னார்கள், எல்லாம் இருக்கும். உங்கள் உதவியாளர் வேறொரு வழக்கின் குறிப்பைத் திறந்து, பெயரையும் சர்வே எண்ணையும் மாற்றுவார். பத்தி 1: மனுதாரரின் பெயர், முகவரி பற்றியது; கருத்தில்லை. பத்தி 2: பதிவேடு சார்ந்தது. பத்தி 3: மனுதாரரே நிரூபிக்க வேண்டும். பத்தி 4 முதல் 13 வரை: மறுக்கப்படுகிறது. பத்தி 14: மனு தள்ளுபடி செய்யத்தக்கது. ஆறாவது பத்தியில் அவர் ஒரு ரசீதைக் குறிப்பிட்டிருக்கிறார். கோபுர முத்திரையோடு இதே அலுவலகம் கொடுத்த ரசீது. அதுவும் மறுக்கப்படுகிறது. தன் கையெழுத்தைத் தானே மறுக்கத் தனி மனிதனுக்குக் கொஞ்சமாவது கூச்சம் இருக்கும். துறைக்குக் கை கிடையாது, ஆகவே கையெழுத்தும் கிடையாது என்பது சித்தாந்தம் போலிருக்கிறது.

சில நாள் சர்வே எண்ணை மாற்ற மறந்துவிடுவார்கள். கொரட்டூர் நிலத்துக்கு எழுதிய மறுப்பு திருநின்றவூர் வழக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். நீதிபதி கண்ணாடியைக் கழற்றுவார். 'டைப்பிங் மிஸ்டேக், மை லார்ட்' என்பார் அரசு வழக்கறிஞர். வாய்தா. பிழை செய்தவன் நிரூபிக்க வேண்டியதில்லை, பிழைக்கு ஆளானவன்தான் நிரூபிக்க வேண்டும் என்ற இந்த ஏற்பாடு எந்தத் தர்ம சாஸ்திரத்தில் இருக்கிறது என்று கேட்காதீர்கள். குறிப்பாணையில் இருக்கும்.

மேற்குப் பக்கத்தில் வேலை பார்ப்பதில் உங்களுக்கு ஒரு கூடுதல் வசதி உண்டு. நாமக்கல்லிலோ தஞ்சாவூரிலோ கிடைக்காதது. இங்கே எல்லைகள் நகர்ந்துகொண்டே இருக்கும். அம்பத்தூர் நகராட்சி 2011ல் சென்னை மாநகராட்சிக்குள் போய் 7வது மண்டலம் ஆனது. அம்பத்தூர் வட்டம் 2018ல் திருவள்ளூர் மாவட்டத்தை விட்டுச் சென்னை மாவட்டத்துக்கு வந்தது. ஆவடி 2019ல் மாநகராட்சி ஆனது. 2009ல் ஒருவர் அம்பத்தூர் நகராட்சி மேல் வழக்குப் போட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் எதிர்மனுதாரர் இப்போது உலகத்திலேயே இல்லை. கோப்பு திருவள்ளூரில், வட்டாட்சியர் சென்னையில், 'அ' பதிவேட்டைக் கேட்டு எழுதிய கடிதம் இரண்டுக்கும் நடுவே எங்கோ திருமுல்லைவாயல் பக்கம். நிர்வாக மாற்றம் என்ற ஒரே பதிலை வைத்து இரண்டு வருஷம் ஓட்டலாம். வரி கேட்டு வரும் ஆளுக்கு மட்டும் எந்த எல்லைக் குழப்பமும் வந்ததில்லை. வீட்டு எண் உட்படச் சரியாகத் தெரிந்துகொண்டு வருவார்.

தோற்றாயிற்று. இனி மேல்முறையீடு. இங்கே ஒரு சின்ன இடையூறு வரலாம். அரசு வழக்கறிஞர்களில் மனசாட்சி உள்ள யாராவது 'மேல்முறையீட்டுக்குத் தகுதியற்றது' என்று கருத்து எழுதிவிடுவார். பதற வேண்டாம். இன்னொருவரிடம் இரண்டாவது கருத்துக் கேளுங்கள். அவரும் அப்படியே எழுதினால் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேளுங்கள். 'இதை விட்டால் இதுபோன்ற மற்றவர்களும் கேட்பார்களே' என்று ஒரு வரி சேர்த்தால் போதும். நியாயம் ஒருவருக்குக் கிடைத்தால் பத்துப் பேருக்குப் பரவிவிடும் என்ற அச்சத்தைப் போல மேல்முறையீட்டுக்கு வலுவான காரணம் எதுவும் இல்லை. தகுதியுள்ளது என்று ஒருவர் எழுதியதும் அந்தத் தாளுக்கு மட்டும் கொடி குத்தி மேலே அனுப்புங்கள். முந்தைய இரண்டு கருத்துகளும் கோப்பின் அடியில் நிம்மதியாக இருக்கட்டும்.

நாள் கணக்கைப் பற்றியும் கவலை வேண்டாம். தபால் துறை ஒரு பத்திரிகை நிறுவனத்தின் மேல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனபோது 427 நாள் தாமதம். கடிதத்தை நேரத்துக்குக் கொண்டு சேர்ப்பதற்காகவே பிறந்த துறை! கோப்பு மேசை மேசையாகப் போய் வந்தது என்றார்கள். காலவரம்பு அரசையும் கட்டும், இத்தனை வசதி வந்த பிறகும் சிவப்பு நாடாவைக் காட்டாதீர்கள் என்று 2012ல் நீதிமன்றம் தள்ளிவிட்டது. அதனால் ஒன்றும் மாறிவிடவில்லை. தாமத மன்னிப்பு மனுவின் நடைதான் மெருகேறியது. தேர்தல் பணி, வெள்ள நிவாரணப் பணி, ஜமாபந்தி, சம்பந்தப்பட்ட உதவியாளர் மாறுதலில் சென்றது, புதியவர் பொறுப்பேற்காதது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் இந்தப் பக்கம் மூழ்கியது உண்மை. அந்த வெள்ளம் மாடியில் இருந்த கோப்புகளைத் தேடிப் பிடித்து நனைத்தது பிரமாணப் பத்திரங்களில் மட்டும் நடந்த அதிசயம். எதிர்த் தரப்புக் கிழவி ஒரே ஒரு நாள் பிந்தி வந்தால் உங்கள் பதில் மனுவின் முதல் வரி என்ன தெரியுமா? 'மனு காலவரம்பு கடந்தது, இந்த ஒரு காரணத்துக்காகவே தள்ளுபடி செய்யத்தக்கது.'

இத்தனை நாளும் யார் காசு ஓடுகிறது என்று ஒரு முறை கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம். முகப்பேர், அம்பத்தூர், ஆவடி என்று இந்தப் பக்கத்தில் வீட்டுவசதிக்காக எடுத்த நிலங்கள் பெரும்பாலும் 1894ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தும் சட்டத்தில் எடுத்தவை. இழப்பீடு குறைவு என்று சொந்தக்காரர் கோர்ட்டுக்குப் போய், கோர்ட் கூட்டிக் கொடுக்கிறது. கூட்டிய தொகைக்கு, நிலத்தைக் கையில் எடுத்த நாளில் இருந்து முதல் வருஷம் 9 சதவீதம், பிறகு வருஷத்துக்கு 15 சதவீதம் வட்டி. எந்த பேங்க் எஃப்.டி.யிலும் இல்லாத வட்டி. கூட்டிக் கொடுத்தது 10 லட்சம் என்று வையுங்கள். கொடுக்காமல் 20 வருஷம் இழுத்தால் வட்டி மட்டும் 29 லட்சத்து 40 ஆயிரம். இரண்டாம் வருஷத்தில் இருந்து ஒரு நாளைக்கு 411 ரூபாய். கண்காணிப்பாளர் விடுப்பில் போன நாளுக்கும், கோப்பு பீரோவுக்குப் பின்னால் விழுந்து கிடந்த மாதத்துக்கும், நீங்கள் இரண்டாவது கருத்துக்குக் காத்திருந்த வாரத்துக்கும் சேர்த்து ஓடுகிற மீட்டர் இது. ஒரு வழக்குக்கு இது. பீரோக்களை எண்ணிப் பாருங்கள். அந்த 411 ரூபாய் எந்த அதிகாரியின் சம்பளப் பட்டியலிலும் பிடித்தமாக வருவதில்லை. பட்டரைவாக்கத்தில் லேத் ஓட்டுகிறவன் வாங்குகிற சோப்பின் வரியில் இருந்து வருகிறது.

பஸ் ஓட்டுகிற துறையில் நீங்கள் இருந்தால் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். நம் வீட்டு ஸ்கூட்டருக்கு இன்சூரன்ஸ் இல்லையென்றால் ஆவடி சிக்னலில் மடக்கிப் பிடிப்பார்கள். அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கு மோட்டார் வாகனச் சட்டம் 146வது பிரிவில் விலக்கு உண்டு; தனியாக ஒரு நிதி வைத்துக்கொண்டு, விபத்து நடந்தால் அதிலிருந்து கொடுத்துக்கொள்ளலாம். நம்பித்தான் விட்டது சட்டம். விபத்தில் ஒருவர் சாகிறார். தீர்ப்பாயம் தொகை சொல்கிறது. கழகம் மேல்முறையீடு போகிறது, தோற்கிறது, பிறகும் கொடுப்பதில்லை. நிறைவேற்று மனு. ஜப்தி உத்தரவு.

பஸ் நிலையத்தில் கிளம்பத் தயாராக நிற்கிற வண்டி. டிரைவர் இன்ஜினைப் போட்டுவிட்டார். கோர்ட் அமீனா தாளோடு முன்படியில் ஏறுகிறார். பக்கத்தில் வக்கீல் குமாஸ்தா, கையில் பசை டப்பா. முன்கண்ணாடியில் உத்தரவை ஒட்டுகிறார்கள். கண்டக்டர் டிக்கெட் கொடுப்பதை நிறுத்தி, விசிலை ஊதி எல்லாரையும் இறங்கச் சொல்கிறார். கூடைக்காரி கூடையோடு, பள்ளிப் பிள்ளைகள் பையோடு இறங்கி அடுத்த வண்டிக்கு ஓடுகிறார்கள். பஸ் கோர்ட் வளாகத்துக்குப் போய் நிற்கிறது. தமிழ்நாட்டில் ஏதாவது ஓர் ஊரில் இருந்து வருஷம் தவறாமல் பேப்பரில் வரும் படம் இது. பார்த்துப் பார்த்து நமக்குச் சிரிப்புச் செய்தியாகவே ஆகிவிட்டது. சில நாளில் பாதித் தொகையைக் கட்டி வண்டியை மீட்டுவிடுவார்கள். பணம் இல்லை என்று பிரமாணப் பத்திரம் போட்டவர்களுக்கு, வண்டி போனதும் எங்கிருந்தோ பணம் வந்துவிடுகிறது.

செத்தவரின் மனைவி ஒவ்வொரு வாய்தாவுக்கும் எதில் வருகிறாள்? அதே கழகத்தின் பஸ்ஸில்தான். சாதாரண நகரப் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. 2021ல் இருந்து அரசு கொடுத்த சலுகை. அலையவிடுவதற்கு இலவசமாகவே ஏற்றிக்கொண்டு வருகிறார்கள்.

கழகத்தின் சொந்தப் பிள்ளைகளையாவது விட்டார்களா? அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பணிமனைகளில் முப்பது வருஷம் ஸ்டியரிங் பிடித்து முதுகெலும்பு தேய்ந்து வெளியே வந்த ஓய்வூதியர்களுக்கு 2015 நவம்பரில் இருந்து அகவிலைப்படி உயர்வை நிறுத்தி வைத்தார்கள். கோர்ட்டுக்குப் போனார்கள். கோர்ட் கொடு என்றது. அரசு மேல்முறையீட்டுக்குப் போனது. 2024 ஜனவரியில் பஸ் ஸ்டிரைக் நடந்தபோது கோரிக்கைப் பட்டியலில் அதுவும் இருந்தது. பலர் எழுபது வயதைத் தாண்டியவர்கள். சர்க்கரை மாத்திரைக்கும் வக்கீல் பீஸுக்கும் நடுவே மாதாமாதம் எதைக் குறைப்பது என்று கணக்குப் போடுகிறவர்கள். அவர்களுடைய பணத்திலேயே வக்கீல் வைத்து அவர்களோடு சண்டை போட்டது எந்த வீரத்தில் சேர்த்தி?

இந்த இடத்தில் உங்கள் பிரிவுக்கு இருக்கும் பெரிய பலம் எது என்று சொல்லிவிடுகிறேன். துறைக்குச் சாவு கிடையாது. அதிகாரி ஓய்வுபெற்றால் அடுத்தவர் வருவார், நாற்காலி அப்படியே இருக்கும். மனுதாரர் சாவார். செத்தால் வாரிசுகளைச் சேர்க்க மனுப் போட வேண்டும். அதற்கு வாரிசுச் சான்றிதழ் வேண்டும். வாரிசுச் சான்றிதழ் கொடுப்பவர் வட்டாட்சியர். பட்டா வழக்கில் அவர்தான் மூன்றாம் எதிர்மனுதாரர்! செத்தவர் யாரோடு பதினைந்து வருஷம் மல்லுக்கு நின்றாரோ, அந்த வட்டாட்சியர் அலுவலகத்தின் வரிசையிலேயே செத்தவருடைய மகன் இறப்புச் சான்றிதழ், ஆதார், ரேஷன் கார்டு நகலோடு நிற்க வேண்டும். ஒரு மாதம் ஆகும், இரண்டு மாதம் ஆகும். அதற்குள் கெடு தாண்டிவிட்டால் வழக்கு அற்றுப்போனதாகச் சொல்லி நீங்கள் ஒரு மனுப் போடலாம். இதை எழுதும்போது எனக்குக் கை பதறுகிறது. உங்கள் அலுவலகத்தில் இதற்கு 'நடைமுறை' என்று பெயர்.

பேர் போட்டு நீதிமன்ற அவமதிப்பு நோட்டீஸ் வந்தால் மட்டும் எல்லாம் தலைகீழாக மாறும். இதை நீங்களே பார்த்து ரசிப்பீர்கள். எட்டு மாதம் கிடைக்காத பதிவேடு எட்டு மணி நேரத்துக்குள் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை அலுவலகம் திறக்கும். வாட்ஸ்அப் குழுவில் 'மோஸ்ட் அர்ஜென்ட்' என்று சிவப்பு எழுத்தில் ஓடும். அப்படியும் அசையாதவர்கள் உண்டு. நெற்குன்றம் இங்கிருந்து எட்டிப் பிடிக்கும் தூரம். அங்கே 1983ல் அரசு எடுத்த 17 சென்ட் நிலத்தைத் திருப்பிக் கேட்டு மனு கொடுத்தவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். உயர் நீதிமன்றம் 2023ல் நிலத்தைக் கொடு என்றுகூடச் சொல்லவில்லை. மனுவைப் பார்த்து 2 மாதத்தில் ஒரு முடிவைச் சொல் என்று மட்டும் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ.வுக்குச் சொன்னது. ஆம் என்றோ இல்லை என்றோ ஒரு கடிதம். அது போகவில்லை. 2025 ஜூலையில், உறுப்பினர் செயலராக இருந்த ஐ.ஏ.எஸ். அதிகாரிக்கு ஒரு மாதச் சிறைத் தண்டனை விதித்து, மனுதாரர்களுக்கு 25,000 ரூபாய் கொடுக்கவும் நீதிபதி உத்தரவிட்டார். மேல்முறையீடு செய்வதற்காகத் தண்டனையை 30 நாள் நிறுத்தியும் வைத்தார். ஒரு பதில் கடிதம் எழுத ஆகும் செலவு எவ்வளவு? ஒரு தாள், ஒரு கவர், ஒரு ஸ்டாம்ப். அதை எழுதாமல் இருக்க எத்தனை பேர் சம்பளம் வாங்கியிருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

அதிகாரிகளைச் சும்மா சும்மா கோர்ட்டுக்கு வரவழைத்து அலைக்கழிக்கக் கூடாது என்று 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு நடைமுறையே வகுத்துக் கொடுத்தது. நல்லதுதான், அவர்களுக்கும் வேலை இருக்கும். மனுதாரரை அலைக்கழிப்பதற்கான நடைமுறை ஏற்கெனவே நன்றாக இருப்பதால் அதில் கை வைக்கவில்லை போலிருக்கிறது.

உங்களுக்காக வாதாடுகிற அரசு வழக்கறிஞர்களைப் பற்றி நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சட்ட அலுவலர்களைத் தகுதி பார்த்து நியமியுங்கள் என்று 2016ல் பஞ்சாப் வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் சொன்னது. நம் ஊரில் ஆட்சி மாறினால் வக்கீல் மாறுவார், கட்டு அப்படியே புதியவர் கைக்குப் போகும். அதைப் பிரித்துப் படித்து முடிக்க அவருக்கு ஆறு மாதமாகும்; அதற்குள் ஒரு நல்ல அரசுத் தரப்பு வழக்கே ஆஜராக ஆளில்லாமல் எக்ஸ் பார்ட்டி ஆகிவிடும். ஏரிப் புறம்போக்கை வளைத்தவன் மேல் அரசு ஜெயித்தே ஆக வேண்டிய வழக்குகளும் இந்தப் பீரோக்களில்தான் இருக்கின்றன என்பதை மறந்துவிடாதீர்கள். ஏழைக்கு எதிராக உச்ச நீதிமன்றம்வரை போகிற துறை, பெரிய இடத்துக்கு எதிராக முன்சீப் கோர்ட்டில் ஆஜராகவே மறந்துவிடுகிறது. அந்த மறதிக்கு மட்டும் என்ன விலை என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

அறிவுரைக்குப் பஞ்சமில்லை. சட்ட ஆணையம் 1984ல் தன் 100வது அறிக்கையை இதற்காகவே எழுதியது. 1988ல் 126வது அறிக்கையை மறுபடி இதற்காகவே எழுதியது. 2010ல் தேசிய வழக்காடல் கொள்கை வந்தது; அரசு பொறுப்பான வழக்காளியாக மாறப் போவதாக வாக்குக் கொடுத்தது. 2017-18 பொருளாதார ஆய்வறிக்கை, வரித் துறைகள் போடும் மேல்முறையீடுகளில் ஜெயிப்பது 30 சதவீதத்துக்கும் கீழே என்று கணக்கெடுத்துச் சொன்னது. பத்தில் ஏழு தோற்கும் என்று தெரிந்து சீட்டாடினால் வீட்டில் விளக்குமாற்றை எடுப்பார்கள். 2022 ஏப்ரலில் முதல்வர்கள் எல்லாரையும் வைத்துக்கொண்டு, நாட்டு வழக்குகளில் ஏறக்குறைய பாதிக்கு அரசுகளே காரணம் என்றார் அன்றைய தலைமை நீதிபதி என்.வி. ரமணா. கைதட்டினார்கள். ஆஸ்திரேலியாவில் மத்திய அரசுத் துறைகளைக் கட்டுப்படுத்தும் விதியே இருக்கிறது: நியாயமான கோரிக்கை என்றால் வழக்குக்கு இழுக்காமல் கொடுத்துவிட வேண்டும், எதிர்த் தரப்பின் வசதியின்மையைத் தனக்குச் சாதகமாகப் பயன்படுத்தக் கூடாது. இதை உங்கள் கண்காணிப்பாளரிடம் சொல்லிப் பாருங்கள். 'அரசாணை எண் என்ன சார்?' என்பார்.

சரி, இவ்வளவு கேட்டுவிட்டீர்கள். ஒன்று செய்து பார்க்கிறீர்களா? பீரோவுக்குப் பின்னால் கையை விட்டு ஒரு கட்டை உருவுங்கள். பழையதாக இருக்கட்டும். முழுக்கப் படியுங்கள், மனுதாரர் எழுதிய 14 பத்தியையும். அவர் கேட்பது நியாயம் என்று பட்டால், 'மேல்முறையீடு தேவையில்லை, தொகையை உடனே வழங்கலாம்' என்று பச்சை மையில் எழுதி, இந்தத் தாமதத்தால் ஏறிய வட்டி இவ்வளவு, கோப்பு இன்னின்னாரிடம் இவ்வளவு நாள் இருந்தது என்று கீழே ஒரு பட்டியல் போட்டு, கையெழுத்திட்டு மேலே அனுப்புங்கள்.

ஒரு வாரத்துக்குள் மாற்றல் வரும். ராமநாதபுரமோ நீலகிரியோ, அது உங்கள் அதிர்ஷ்டம். சட்டம் படித்தவர் என்பதால் அந்த உத்தரவை எதிர்த்து ரிட் போடலாம் என்று உங்களுக்குத் தோன்றும். தாராளமாகப் போடுங்கள். உங்கள் நாற்காலிக்கு வந்திருப்பவர் பத்திவாரிக் குறிப்பைத் தயாராக வைத்திருப்பார்: பத்தி 1, மனுதாரரின் பெயர், முகவரி பற்றியது, கருத்தில்லை, மற்றவை மறுக்கப்படுகின்றன.